பேஸ்மேக்கர் ஒயரை எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. ஒன்பது வருஷத்துக்கு முன் பேஸ்மேக்கர் வைத்தோம், போன வருஷம் பேட்டரி மாற்றினார்கள். இப்போது அந்த இடத்தில் தோல் சிவந்து, மெலிந்து, ஓரத்தில் நீர் கசிகிறது. உள்ளூர் டாக்டர் சுத்தம் செய்து கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்தார். ஆறியது, மறுபடி திறந்துவிட்டது. கோவையில் காட்டினோம். பெட்டியோடு ஒயரையும் எடுக்க வேண்டும், லேசர் தேவைப்படலாம் என்கிறார்கள். பெட்டியை மட்டும் எடுத்தால் போதாதா? அப்பா ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். (வாசகி, நாமக்கல்)

பதில்: கோவை டாக்டர் சொன்னது சரிதான் அம்மா. பெட்டியை மட்டும் எடுத்தால் போதாது. இந்த விஷயத்தில் நாள் கடத்துவது ரொம்ப ஆபத்து என்பதால் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

பெட்டி இருக்கும் அந்தத் தோல் பையிலிருந்து ஒயர் நேராகக் காரை எலும்புக்குக் கீழே சிரைக்குள் நுழைந்து, மேல் உடம்பின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை வழியாக இறங்கி, இதயத்தின் வலது அறைக்குள் போய் முடிகிறது. தோல் திறந்து நீர் கசிகிறது என்றால் கிருமி உள்ளே போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தாலும். பெரும்பாலும் தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிகள்தான். அவை உலோகத்திலும் சிலிகோன் உறையிலும் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றி ஒரு பிசுபிசுப்பான படலத்தைக் கட்டிக்கொள்ளும். ரத்தத்தில் ஓடும் ஆன்டிபயாடிக் அந்தப் படலத்துக்குள் போதிய அளவு போய்ச் சேராது. அதனால்தான் மாத்திரை சாப்பிடும்போது ஆறுவதும், நிறுத்தியதும் திறப்பதுமாக இருக்கிறது. அப்பாவுக்கு நடந்தது அப்படியே இதுதான். பேட்டரி மாற்றிய பிறகு வருவதும் புதிதல்ல. முதல் முறை வைக்கும்போது இருப்பதைவிட, பழைய பையைத் திரும்பத் திறக்கும்போது கிருமி பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

பெட்டியை மட்டும் எடுத்தால் கிருமி படிந்த ஒயர் உள்ளேயே இருக்கும். அது மெல்ல இறங்கி இதய வால்வைப் பிடித்தால் அப்புறம் கதையே வேறு. 1,449 நோயாளிகளுக்கு லேசர் மூலம் ஒயர் எடுத்ததை ஆராய்ந்த லெக்சிகான் என்ற அமெரிக்க ஆய்வு 2010இல் வெளியானது. பையில் மட்டும் கிருமி இருந்தவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 1.7 சதவீதம், கிருமி இதயத்துக்குள் போனவர்களில் 4.3 சதவீதம். அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். ஆபரேஷனா, சும்மா இருப்பதா என்று அவர் யோசிக்கிறார். உண்மையில் இப்போது எடுப்பதா, இன்னும் மோசமான நிலையில் எடுப்பதா என்பதுதான் அவர் முன்னால் இருப்பது. அமெரிக்காவின் ஹார்ட் ரிதம் சொசைட்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கிருமி பிடித்தது உறுதியானால் பெட்டி, ஒயர் எல்லாவற்றையும் முழுமையாக எடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. அந்த நாட்டிலேயே இதைச் சரியாகச் செய்வதில்லை என்பது வேறு விஷயம். அங்கே முதியவர்களுக்கான அரசுக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், இப்படிக் கிருமி பிடித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட ஒயர் எடுக்கப்படவில்லை என்று தெரியவந்தது. சில நாட்களுக்குள் எடுத்தவர்கள்தான் அதிகம் பிழைத்திருந்தார்கள். படிக்கும்போது எனக்குக் கோபமே வந்தது, ஏனென்றால் இது சிகிச்சை தெரியாத நோய் இல்லை.

இதற்கிடையில் இரண்டு விஷயம். அடுத்த டோஸ் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். வால்விலும் ஒயரிலும் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தெரிய, உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பையில் ஊசி குத்திச் சீழ் எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், வெளியில் இருக்கும் கிருமியையும் உள்ளே அனுப்பியதாகிவிடும்.

கேள்வி: பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன். ஒயரின் நுனி மெல்லிய திருகுதானே, திருகைக் கழற்றி இழுத்தால் வந்துவிடாதா? லேசர், கத்தி வைத்த குழாய் எல்லாம் எதற்கு? அவை எப்படி வேலை செய்கின்றன? (மாணவர், திருச்சி)

பதில்: வைத்துச் சில மாதமே ஆன ஒயர் என்றால் நீ சொல்வது சரி தம்பி, பெரும்பாலும் திருகைக் கழற்றி மெல்ல இழுத்தாலே வந்துவிடும். ஒரு வருஷம் தாண்டினால் சிக்கல் நுனியில் மட்டும் இருக்காது, வழி நெடுக இருக்கும். உடம்பு அந்த ஒயரை அந்நியப் பொருளாகப் பார்த்து, அதைச் சுற்றி நார்த்திசுவால் உறை கட்டுகிறது. மரத்தில் கட்டிவிட்ட கம்பியை மரம் வளர்ந்து விழுங்கிவிடுவதைப் பார்த்திருப்பாய், ஏறக்குறைய அப்படித்தான். காரை எலும்புக்குக் கீழே சிரைக்குள் நுழையும் இடம், கழுத்துப் பக்கத்துச் சிரை மேற்பெருஞ்சிரையோடு சேரும் வளைவு, மூவிதழ் வால்வு, அப்புறம் நுனி, இங்கெல்லாம் பிடிப்பு அதிகம். பத்துப் பதினைந்து வருஷம் ஆனால் அந்த உறையில் சுண்ணாம்புச் சத்து படிந்து ஓடு மாதிரி இறுகிவிடும். இதை வெறுமனே இழுத்தால் மூன்றில் ஒன்று நடக்கும். ஒயர் நடுவில் அறுந்து பாதி உள்ளே தங்கும், அல்லது நுனி இதயத் தசையையும் பிய்த்துக்கொண்டு வரும், அல்லது சிரையின் சுவர் கிழியும்.

1958இல் நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன் சிரை வழியாக ஒயரைச் செலுத்தி இதயத்தைத் துடிக்க வைத்துக் காட்டினார். அதே வருஷம் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு முதன்முதலாக முழு பேஸ்மேக்கரையும் உடலுக்குள் வைத்தார்கள். உள்ளே வைப்பதில் இருந்த அவசரம், பின்னாளில் எப்படி எடுப்பது என்று யோசிப்பதில் அப்போது யாருக்கும் இல்லை. அதனால் பல வருஷங்களுக்கு நெஞ்சைத் திறந்து எடுப்பது, இல்லையென்றால் ஒயரின் வெளி முனையில் கயிறு கட்டி, கப்பி வழியாக எடைக்கல்லைத் தொங்கவிட்டு, மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் காத்திருப்பது, இதுதான் வழியாக இருந்தது. படுக்கையில் எடைக்கல்லோடு கிடந்த அந்த நோயாளிகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

1980களின் பிற்பகுதியில்தான் இதற்கென்றே கருவிகள் வந்தன. அமெரிக்காவில் சார்லஸ் பேர்ட் என்ற சர்ஜன் இதில் முன்னோடி. அடிப்படை யோசனை ரொம்ப அழகானது: ஒயரை இழுப்பதைவிட, ஒயரைச் சுற்றியுள்ள பிடிப்பை விடுவிப்பதுதான் வேலை. முதலில் ஒயரின் பிளக்கை வெட்டிவிடுவார்கள். நடுவில் இருக்கும் சுருள் உள்ளே காலியாகத்தான் இருக்கும், அந்தத் துவாரத்துக்குள் ஒரு மெல்லிய கம்பியை நுனி வரை செலுத்துவார்கள். இதுதான் லாக்கிங் ஸ்டைலட். ஒரு வகையில் கம்பியின் முன்பகுதி மட்டும் நுனியருகே பூட்டிக்கொள்ளும், இன்னொரு வகையில் கம்பி நெடுகிலும் உள்ள வலை விரிந்து ஒயர் முழுவதையும் உள்ளிருந்தே பிடித்துக்கொள்ளும். இது இல்லாமல் இழுத்தால் பழைய ஒயர் ரப்பராக நீண்டு அறுந்துவிடும். இது பூட்டிக்கொண்டால் வெளியே நாம் கொடுக்கும் இழுவிசை நேராக நுனிக்குப் போகும்.

அப்புறம் ஒயரின் மேலேயே ஒரு குழாயைக் கோத்து உள்ளே தள்ளிக்கொண்டே போவார்கள். இதை ஷீத் என்கிறோம். ஒயர்தான் தண்டவாளம், ஷீத் அதன்மேல் நகர்ந்து பிடிப்பை ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. ஆரம்பத்தில் ஒன்றுக்குள் ஒன்று போகும் பிளாஸ்டிக், டெஃப்லான், ஸ்டீல் குழாய்கள்தான், டாக்டரின் கை பலம்தான் அவற்றுக்கு எஞ்சின். அதன் பிறகு வந்தது லேசர் ஷீத், அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. குழாயின் வாய் விளிம்பைச் சுற்றிலும் கண்ணாடி இழைகள் வரிசையாக இருக்கும், அவற்றின் வழியே 308 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா எக்ஸைமர் லேசர் துடிப்புத் துடிப்பாக வரும். இது எரிக்கும் லேசர் இல்லை. விளிம்பைத் தொடும் திசுவில் 100 மைக்ரான் அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குத்தான் அது கரைக்கும், அதைத் தாண்டிப் போகாது. லேசர் வந்த புதிதில் நடந்த பிளெக்ஸஸ் ஆய்வில், லேசர் பயன்படுத்தியவர்களில் 94 சதவீத ஒயர்கள் முழுதாக வந்தன, வெறும் குழாய் பயன்படுத்தியவர்களில் 64 சதவீதம்.

ஆனால் லேசர்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று நினைத்துவிடாதே. சுண்ணாம்பு படிந்து இறுகிய இடத்தில் லேசர் திணறும். அங்கே உதவுவது சுழலும் ஷீத். கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால் குழாயின் முனையிலுள்ள சின்ன வெட்டுப்பல் சுழன்று உறையை அறுத்துக்கொண்டு முன்னேறும். ஐரோப்பாவில் பல மையங்கள் கை பலத்தாலும் இந்த வகையாலுமே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகின்றன. ஒயர் அறுந்து வெளி முனையே கிடைக்கவில்லை என்றால் தொடைச் சிரை வழியாகக் கண்ணி போட்டுப் பிடித்துக் கீழ்ப்பக்கமாக இழுப்பார்கள். அனுபவமுள்ள டாக்டர் மேஜையில் இவை எல்லாமே தயாராக இருக்கும், ஒரே ஆளுக்கு மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டி வரலாம்.

உன் திருகுக்கு வருகிறேன். நுனி வரை வந்த பிறகு, ஷீத்தின் வாயை இதயச் சுவருக்கு மிக அருகில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒயரை மட்டும் இழுப்பார்கள். அப்போது சுவர் முழுவதும் உள்நோக்கி இழுபடாமல், நுனியைச் சுற்றியுள்ள சின்ன வட்டத்தில் மட்டும் விசை விழும். இந்த ஒரு நுட்பம்தான் எத்தனையோ இதயங்களைக் கிழியாமல் காப்பாற்றியிருக்கிறது.

துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியின் ஒயர் இன்னும் கஷ்டம். அதில் மின்சாரம் பாய்ச்ச வெளிப்புறம் உலோகச் சுருள் இருக்கும், சுருளின் இடுக்குகளுக்குள் திசு வளர்ந்து புகுந்துகொள்ளும். மேற்பெருஞ்சிரைக்குள் இரண்டாவது சுருள் உள்ள ஒயர் என்றால் எடுக்கும் டாக்டருக்கு அங்கேதான் வியர்க்கும். இப்போது பல ஒயர்களில் அந்த இடுக்குகளை அடைத்தோ மேலே பூச்சு பூசியோ விடுகிறார்கள். நீ படிக்கும் துறைக்கு இதில் வேலை நிறைய இருக்கிறது.

கேள்வி: என் கணவருக்கு ஒயர் எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ‘டேபிளிலேயே உயிர் போகலாம்’ என்று எழுதிய பேப்பரில் கையெழுத்துக் கேட்டதும் கை நடுங்கிவிட்டது. உண்மையில் எவ்வளவு ஆபத்து? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: பயப்படுவது இயல்பு அம்மா. எண்ணிக்கையைச் சொன்னால் கொஞ்சம் தெளிவு வரும். முதல் பதிலில் சொன்ன லெக்சிகான் ஆய்வில், பெரிய சிக்கல் வந்தவர்கள் 1.4 சதவீதம், இந்தச் சிகிச்சையின்போது அதனாலேயே இறந்தவர்கள் 0.28 சதவீதம். ஐரோப்பாவில் 3,500க்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்து 2017இல் வெளியான எலெக்ட்ரா பதிவேட்டில் பெரிய சிக்கல் 1.7 சதவீதம், சிகிச்சையால் நேர்ந்த மரணம் 0.5 சதவீதம். ஆனால் இவை பழகிய கைகள் செய்த இடங்களின் எண்கள் என்பதை மறக்காதீர்கள்.

பயப்பட வேண்டிய விஷயம் முக்கியமாக இரண்டு. மேற்பெருஞ்சிரை கிழிவது ஒன்று, இதயச் சுவர் கிழிந்து இதய உறைக்குள் ரத்தம் தேங்கி இதயத்தை அமுக்குவது இன்னொன்று. இரண்டும் வந்தால் சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும். அதனால் கையெழுத்துப் போடும் முன் நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டியது, நெஞ்சைத் திறக்கக்கூடிய ஹார்ட் சர்ஜன் அந்த அறையிலேயே அல்லது பக்கத்து அறையில் இருப்பாரா என்பது. போன் செய்தால் வருவார் என்ற பதில் போதாது, கிழிந்த சிரை டிராஃபிக்குக்காகக் காத்திருக்காது. ரத்தம் தயாராக இருக்கிறதா, சிகிச்சை நடக்கும்போதே எக்கோ ஓடுமா, இந்தக் குழு வருஷத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறது என்றும் கேளுங்கள். வருஷத்துக்கு 30க்கு மேல் செய்யும் மையங்களில் சிக்கல் குறைவு என்று அந்த ஐரோப்பியப் பதிவேடே காட்டியது. நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

2016 முதல் ஒரு பலூனும் வந்திருக்கிறது. தொடைச் சிரை வழியாக முன்கூட்டியே ஒரு கம்பியைப் போட்டு வைத்துவிடுவார்கள், மேற்பெருஞ்சிரை கிழிந்தால் அந்தக் கம்பிமேல் மென்மையான நீண்ட பலூனை ஏற்றி ஊதிக் கிழிசலை உள்ளிருந்தே அடைத்து, சர்ஜன் நெஞ்சைத் திறக்கும் வரை நேரம் வாங்கித் தரும். இந்தப் பலூன் இருக்கிறதா, கம்பி முன்கூட்டியே போடப்படுமா என்றும் கேட்டுவிடுங்கள். ஒயர் ரொம்பப் பழையது, நோயாளி ரொம்ப மெலிந்தவர், பெண், ஐசிடி ஒயர், இப்படி இருந்தால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும்.

கேள்வி: பேஸ்மேக்கர் மேல் சிவந்தால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடலாமா? (வாசகர், தர்மபுரி)

பதில்: வேண்டாம். களிம்பும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். சிவப்பு, வீக்கம், வலி, கசிவு, தோல் பளபளப்பாக மெலிவது, பெட்டியின் ஓரம் தோலுக்கு அடியில் துருத்துவது, இவற்றில் எது வந்தாலும் பேஸ்மேக்கர் வைத்த டாக்டரிடம் அன்றே காட்டுங்கள். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் தையல் நூல் இருக்கும் இடத்தில் மட்டும் மேலோட்டமாகச் சின்னக் கொப்புளம் வருவதுண்டு, அது வேறு, அதற்கு ஒயரை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இல்லாமல் துடிப்பே இல்லை என்றார்கள். கிருமியால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அடுத்தது வைக்கும் வரை எப்படி இருப்பார்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அதற்கு வழி இருக்கிறது. கழுத்துச் சிரை வழியாகத் தற்காலிகமாக ஒரு திருகு ஒயரை வைத்து, பேஸ்மேக்கர் பெட்டியை உடம்புக்கு வெளியே தோல்மேல் ஒட்டிவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு அவர் எழுந்து உட்காரலாம், வார்டுக்குள் நடக்கலாம். ரத்தக் கல்ச்சரில் குறைந்தது 72 மணி நேரம் கிருமி வளராமல் இருந்த பிறகே புதியது வைப்பார்கள், அதையும் மறுபக்கத்தில்தான் வைப்பார்கள். வால்வில் கிருமி இருந்தால் இன்னும் நாளாகும். ஒயரே இல்லாமல் இதய அறைக்குள்ளேயே வைக்கும் சின்ன கேப்ஸ்யூல் பேஸ்மேக்கர் அமெரிக்காவில் 2016 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, சிலருக்கு அது பொருந்தும், விலைதான் அதிகம். இன்னொன்று: மறுபடி பேஸ்மேக்கர் வேண்டுமா என்பதையே இந்த இடைவெளியில் திரும்பப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் தேவைப்படாது. உங்கள் அம்மாவுக்குத் தேவைப்படும் என்றுதான் தோன்றுகிறது.

கேள்வி: கிருமி எதுவும் இல்லை. ஆனால் பழைய ஒயர் வேலை செய்யவில்லை என்று, அதை அப்படியே உள்ளே விட்டுப் பக்கத்திலேயே புதிய ஒயர் வைத்துவிட்டார்கள். வேலை செய்யாததை ஏன் எடுக்கவில்லை? எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமா? வயது 76. (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் வயதில், கிருமியும் இல்லை, சிரை அடைப்பும் இல்லை என்றால் அதை அப்படியே விட்டது நல்ல முடிவு ஐயா. எடுக்கும் வசதி இருக்கிறது என்பதற்காக எடுக்கக் கூடாது. இதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1994இல் டெலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் அக்யூஃபிக்ஸ் என்ற ஒயரைத் திரும்பப் பெற்றார்கள். அதன் உள்ளே வளைவைத் தாங்கும் ஒரு மெல்லிய கம்பி உடைந்து, உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, இதயத்தைக் குத்திச் சிலர் இறந்தார்கள். உலகம் முழுக்கப் பயந்துபோய் ஆயிரக்கணக்கில் அந்த ஒயர்களை எடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால், கம்பி குத்தி இறந்தவர்களைவிட அதை எடுக்கப்போய் இறந்தவர்கள் அதிகம். 2007இல் மெட்ட்ரானிக்கின் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் ஒயரிலும், 2011இல் செயின்ட் ஜூட் நிறுவனத்தின் ரியாட்டா ஒயரிலும் பழுது வெளிவந்தபோது, எல்லோருக்கும் எடுத்துவிடு என்று சொல்லாமல் ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்தது இந்த அனுபவத்தால்தான்.

இதே கேள்வியை 30 வயதுக்காரர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. அவருக்கு வாழ்நாளில் இன்னும் பல முறை ஒயர் மாற்ற வேண்டி வரும், ஒவ்வொன்றையும் உள்ளே விட்டுக்கொண்டே போனால் சிரை அடைத்துவிடும், பிற்பாடு கிருமி பிடித்தால் இருபது முப்பது வருஷப் பழைய ஒயர்களை ஒன்றாக எடுக்க வேண்டியிருக்கும். ஒரு பக்கத்தில் நான்குக்கு மேல், அல்லது மேற்பெருஞ்சிரை வழியாக ஐந்துக்கு மேல் ஒயர் சேரும் நிலை வந்தால் எடுப்பதை யோசிக்கலாம் என்று 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உள்ளே ஒரு பழைய ஒயர் சும்மா கிடக்கிறது என்பதை உங்கள் பேஸ்மேக்கர் அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்த வருஷம் வைத்தது, எந்த மாடல் என்பதோடு. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் ஸ்கேன் சென்டரில் அந்த அட்டையைக் காட்டுங்கள், பயன்படாமல் கிடக்கும் ஒயர் உள்ளவர்களுக்கு அங்கே தனியாக யோசித்துத்தான் முடிவு செய்வார்கள். இடது கை வீங்கினாலோ, கழுத்தும் முகமும் உப்பினாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் வந்துபோனாலோ அந்த அட்டையோடு டாக்டரிடம் போங்கள்.